ரங்கூன் சித்தப்பாவுக்கு வைத்த சோறு

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்குப் பதுளையில் பாதிப் பேர் "நானும் அங்கதான் நின்னேன்" என்பார்கள்.

காசு மேசையில் நான். சேலை மடிப்பதும் என்னைக் கேலி பண்ணுவதுமாக ரோஸ்லின். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், எங்களோடு சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஏணியில் ஏறி மேல்தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்த என் தம்பி சண்முகம். கூறைச் சேலை எடுக்கப் பெரகலையிலிருந்து வந்திருந்த ஒரு தாய். அவர் மகள், கலியாணப் பெண். உயிரோடு இருந்தவர்கள் இந்த ஐந்து பேர்தான். சுவரில் மாலையோடு மூன்று பேர்: அப்பா, அம்மா, ரங்கூன் சித்தப்பா.

ஆறாவது ஆள் வாசலில் வந்து நின்றபோது பகல் பதினொன்றரை இருக்கும். தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள்தான்; ஆனாலும் விடிந்ததிலிருந்து மழை, கூட்டம் இல்லை.

வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை மண்ணிறச் சாரம், கன்னம் இரண்டிலும் மங்கிய மஞ்சள் பூச்சு. ஊர் நடுவில் இருக்கும் பெரிய விகாரைக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் பர்மா யாத்திரைக்காரர்களில் ஒருத்தி என்று பார்த்ததுமே தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். அவர்கள் எங்கள் கடைக்கு வருவதில்லை. குடை கேட்பாள் என்று நினைத்தேன்.

அவள் குடை கேட்கவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். 'ரங்கூன் ஜவுளி' என்ற தமிழ் எழுத்தை உதடு அசைய வாசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஜவுளிக்கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை.

"இது எரிஞ்ச கடைதானுங்களே?" என்றாள், தமிழில்.

"எரிஞ்சது கீழ்த்தெருவுல இருந்ததும்மா," என்றான் சண்முகம் ஏணியிலிருந்து. "இது புதுக்கடை. புதுசுன்னா, அதுக்கே நாப்பது வருசம் ஆச்சு."

அவள் கண் சுவருக்குப் போய் மூன்றாவது படத்தில் நின்றது.

"அது யாருங்க?"

"எங்க சித்தப்பா," என்றேன். "பர்மாவுல கடை வச்சிருந்தாரு. தவறிட்டாரு."

"எப்பங்க?"

"அது ஆச்சு, முப்பது வருசம்."

அவள் என்னையே பார்த்தாள். "இல்லைங்களே," என்றாள் மெதுவாக. "எங்கப்பா தவறி நாலு வருசந்தானே ஆவுது."

"ஆண்டவரே!" என்றாள் ரோஸ்லின். பெரகலைத் தாய் கையிலிருந்த கூறைச் சேலை மேசையில் வழிந்து விழுந்தது.

நான் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் படத்துக்கு மாலை போட வைத்தவள் நான். அப்பாவோ தம்பியோ இல்லை. நான்.

இரண்டு ஊர், இரண்டு கடை

எங்கள் தாத்தா சிவகங்கைப் பக்கத்துக்காரர். இரண்டு பிள்ளைகள். மூத்தவரான என் அப்பாவை இலங்கையில் இந்தப் பதுளைக்கு அனுப்பினார். இளையவர் முத்தையாவை ரங்கூனுக்கு அனுப்பினார். ஓர் ஊரில் மழை பொய்த்தால் இன்னோர் ஊரில் பெய்யும் என்பது அவர் எண்ணம். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் இடி விழும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் எண்ணியிருப்பேன். எனக்கு அதுதான் வேலை.

ரங்கூன் கடை எங்கள் கடையைவிடப் பெரியது என்று அப்பா சொல்வார். சித்தப்பா ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதில் தாத்தாவுக்கு வருத்தம், அப்பாவுக்கு இல்லை.

அப்புறம் அங்கே ஒரு ஜெனரல் வந்தார். வந்தார் என்றால், ஒரு விடிகாலை மந்திரிமாரை எல்லாம் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டு, இனி நாடு எங்கள் கையில் என்று ரேடியோவில் சொன்னார். சிப்பாய் ஆட்சி. ஆனால் ஏழைகளுக்கான ஆட்சி, சோசலிச ஆட்சி, அதுவும் பர்மாவுக்கே உரிய வழியில் என்றார்கள்.

எனக்கு அரசியல் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் இருந்தது. அந்தக் கடிதங்களை அப்பா இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குச் சத்தமாக வாசிப்பார். மற்ற வீடுகளில் கதை சொல்வார்கள். எங்கள் வீட்டில் பர்மா.

ஒரு கடிதத்தில் சித்தப்பா எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் நாள் சிப்பாய்கள் லாரியில் போனபோது தெருவில் கைதட்டினார்களாம். "கைதட்டியவர்களில் பாதிப் பேர் நம்மவர்களிடம் வட்டிக்கு வாங்கி நிலத்தை இழந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அண்ணே" என்று எழுதியிருந்தார்.

அப்பா அந்த வரியை மட்டும் வேகமாக வாசித்து அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

மக்கள் கடை

ஒரு நாள் காலை கடை திறந்த நேரம் ஓர் அதிகாரியும் மூன்று சிப்பாய்களும் வந்தார்கள். ஒருவன் கையில் புதுப் பூட்டு. இன்னொருவன் கையில் பேரேடு. எல்லாவற்றையும் எழுதினார்கள்: துணி எத்தனை கெஜம், பெஞ்சு எத்தனை, விசிறி எத்தனை. சித்தப்பாவின் சாப்பாட்டுத் தூக்கையும் எழுதிவிட்டார்களாம். "அது என் மத்தியானச் சாப்பாடு" என்று சொன்ன பிறகு அந்த வரியை மட்டும் அடித்தார்களாம்.

ஒரு வாரத்தில் 'மக்கள் கடை' என்ற பலகையும் ஒரு எண்ணும் வந்தன. சாமான் எங்கே இருக்கிறது என்று புது மேலாளருக்குத் தெரியவில்லை. ஆகவே சித்தப்பாவையே கூப்பிட்டு மாதச் சம்பளத்துக்கு எழுத்தர் ஆக்கினார்கள். நேற்றுவரை முதலாளியாக உட்கார்ந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் துணியைத் தானே அளந்து கூப்பனுக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். சனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போனார்கள். துறைமுகத்தில் தாலியைக்கூடக் கழற்றச் சொன்னார்களாம். சென்னையில் இறங்கிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்பாவுக்கு எழுதினார்: "உங்கள் தம்பி கப்பலடி வரை வந்து எங்களை ஏற்றிவிட்டார். நீயும் ஏறு என்றேன். அடுத்த கப்பலில் என்றார்."

அடுத்த கப்பலிலும் அவர் வரவில்லை. பெண்டாட்டி விடவில்லை என்று அப்பா முடிவுகட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு கடிதத்தில் பெண் பிறந்திருக்கிறாள் என்று வந்தது. வள்ளி என்று பெயர். எனக்கு ஒரு வயது இளையவள். சின்ன வயதில் எதற்காவது நான் அழுதால், "ரங்கூன்ல வள்ளி அழுவுறாளா பாரு" என்பார் அம்மா. பார்த்தே இராத அந்தப் பெண்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

எங்கள் பக்கத்து இடி

நான் சின்னவளாக இருந்த காலத்தில் இங்கேயும் சோசலிசம் என்றார்கள். சிப்பாய் ஆட்சி இல்லை, வோட்டுப் போட்ட ஆட்சிதான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, துணிக்கு வரிசை. அந்தச் சொல்லை ரேடியோவில் கேட்டாலே அப்பா காசு மேசையைப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார். லாரி வருகிறதா என்று.

இதை நான் ஒருநாள் சொன்னபோது ரோஸ்லின் சிரித்தாள். "உங்கப்பாவுக்குக் கடை போயிருமோன்னு பயம். எங்கம்மாவுக்கு அந்தப் பயமே இல்ல. வெள்ளக்காரத் தொரை போனா விடியும்னாங்களாம். தொரை போனாரு. கூடவே சோறும் போச்சு. மரவள்ளிக் கெழங்கு தின்னு வளந்த வயித்துலதாங்க நான் பொறந்தேன்."

லாரி வரவில்லை. வந்தது வேறு. நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடத்தில், ஒரு ஆடி மாதத்தில், தமிழ்க் கடைகளைத் தேடி வந்த கும்பல் கீழ்த்தெருக் கடையைக் கொளுத்தியது. அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அப்பா மேல்தெருவில் வாடகைக்கு இடம் பிடித்து மறுபடி தொடங்கினார். பழைய பெயரையே வைத்தார். சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பணமில்லை. நான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டு முழக்கோலை எடுத்தேன்.

அந்த வருடத்தோடு ரங்கூன் கடிதம் நின்றுபோனது. அப்பா புது முகவரியை எழுதி ஏழெட்டுக் கடிதம் போட்டார். பதில் இல்லை.

ஜெனரல் போன வருடம்

சில வருடம் கழித்து அந்த ஆட்சி விழுந்தது. அப்பா சிற்றலை வரிசையில் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

ஜெனரலுக்கு ஒன்பது ராசியான எண்ணாம். அதனால் நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று நோட்டு அடித்தார்களாம். அதற்கு முன்னால் இருந்த நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போனது. கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் விடிந்தபோது கையில் வெறும் காகிதத்தோடு நின்றான். பெரிய கடைக்காரர்களிடமிருந்து எடுத்தபோது கைதட்டியவனிடம் இருந்ததையும் கடைசியில் எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். ஜெனரல் ரேடியோவில் விலகுகிறேன் என்றார்.

அப்பா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். "விட்டுச்சுடா சனி! இனி உங்க சித்தப்பா வந்துருவான்" என்றார்.

ஒன்றிரண்டு மாதத்தில் வேறு சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். சோசலிசம் என்ற சொல்தான் விழுந்தது, துப்பாக்கி விழவில்லை. மறுபடி சுட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்று ரேடியோ சொன்னது.

அதே நாட்களில் எங்கள் ஊவா மாகாணத்திலும் கடையைத் திறந்தால் கொல்வோம் என்று பெயரில்லாத துண்டுக் காகிதம் வரும். மூடினால் ஏன் மூடினாய் என்று சிப்பாய்கள் வருவார்கள். தபால் வராது. ஆற்றில் என்ன மிதந்தது என்பதை எழுதமாட்டேன். அந்த வருடங்களில்தான் எனக்கு இந்தப் பயம் உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்தது. கதவைத் தாழ் போட்டேனா என்று ஐந்து முறை எழுந்து பார்ப்பேன்.

அதெல்லாம் அடங்கிய பிறகும் சித்தப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தம்பிக்குப் பெண் அமையவில்லை. கடையில் வியாபாரம் இல்லை. ஒருநாள் கொல்லையில் துணி காயப்போட்டபோது ஒரு காக்கை என் தலையில் தட்டிவிட்டுப் போனது. நான் அப்புத்தளையில் ஒரு சோதிடரிடம் ஓடினேன். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க குடும்பத்துல ஒருத்தர் போய்ச் சேந்தும் எள்ளுந் தண்ணியும் கெடைக்காம அலையுறாரு" என்றார்.

பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாவிட்டால் போனவராக வைத்துக் காரியம் பண்ணிவிடலாம் என்று எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கணக்குப் பார்த்தேன். அந்த ஆடியோடு பன்னிரண்டு.

அப்பா முடியாது என்றார். "உசுரோட இருக்கிறவனுக்கு எப்புடிடி எள்ளு எறைப்பேன்?"

நான் விடவில்லை. அழுதேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நாலாம் நாள் அப்பா எழுந்து, "சரி, வாங்க" என்றார்.

பதுளை ஓயாக் கரையில் தர்ப்பையால் ஓர் ஆள் உருவம் செய்து, அதற்கு முத்தையா என்று பெயர் சொல்லி, கொளுத்தினார். தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைத்தார். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் யாரோடும் பேசவில்லை. சித்தப்பாவின் வாலிபப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் நான் சமைத்து, அவர் பெயரைச் சொல்லிக் காக்கைக்குச் சோறு வைத்தேன். ஆறு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். தம்பி செத்துவிட்டான் என்று நம்பியே போனார்.

இப்போது தெரிகிறதா, கடைக்குள் வந்து நின்ற அந்தப் பெண் "நாலு வருசந்தானே" என்றபோது நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று?

பின்கட்டில்

வள்ளியைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தோம். பெரகலைத் தாயும் மகளும் சேலையே எடுக்காமல் நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கு வாறோம்மா, ஒங்க சொந்தக்காரங்கள கவனிங்க" என்று போனார்கள். சண்முகம் கதவைப் பாதி சாத்தினான்.

மூன்று மணிக்கு அவளுடைய பஸ் கண்டிக்குப் புறப்படுகிறது என்றாள். சோற்றுப் பார்சல் வாங்கி வரச் சொன்னேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். சரியாகப் பேசவில்லை. சித்தப்பாவின் காதும் அப்பாவின் காதும் ஒரே மாதிரி விடைத்து நிற்கும், இவளுக்கும் அதே காது.

அவள் பேசாதது எனக்குக் கோபமாகத் தெரிந்தது. இருக்காதா? உயிரோடு இருந்த தகப்பனின் படத்துக்கு மாலை. இருபத்தாறு வருடம் அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இங்கே நான் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆடிக்கும் அவருக்கு அங்கே காய்ச்சல் வந்ததோ என்னவோ.

"கடிதாசி போட்டோமே, கெடைக்கலையா?" என்று சண்முகம் கேட்டான்.

"அப்பாவைத் தெற்கே ஒரு ஊருக்கு மாத்திட்டாங்க. பழைய வீட்டுல வேற ஆளு. நாங்க போட்டதெல்லாம் திரும்பி வந்துச்சு, அப்புடி ஒரு கடை இல்லைன்னு முத்திரை குத்தி."

எரிந்த கடைக்கு அவர் எழுதியிருக்கிறார். விட்டுப்போன வீட்டுக்கு நாங்கள் எழுதியிருக்கிறோம்.

ரோஸ்லின் வாழை இலையில் சோற்றைப் பிரித்து வைத்தாள். பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். வள்ளி முதல் கவளத்தை வாயில் வைக்கவில்லை. ஒரு பிடி சோற்றை உருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொல்லைக் கதவைத் திறந்து, மதில்மேல் வைத்துவிட்டு, மழையில் நின்று வாய்க்குள் ஏதோ சொன்னாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வள்ளி, என்னைய மன்னிச்சிரும்மா. ஒங்கப்பாவுக்குக் காரியம் பண்ண வச்சது நாந்தான். அப்பா மாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான் பட்டினி கெடந்து பண்ண வச்சேன். உசுரோட இருந்த மனுசனுக்கு நான் இந்தக் கையால வருசா வருசம் சோறு வச்சேன்."

அவள் மதில்மேல் இருந்த சோற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "இந்தச் சோறு அப்பாவுக்கு இல்லைங்க."

"பின்ன?"

"உங்களுக்குங்க."

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்கு. தம்பிக்கு. பெரியப்பா, பெரியம்மாவுக்கு. கடை எரிஞ்சப்ப உள்ள இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்கன்னு யாரோ அப்பாகிட்ட சொல்லிட்டாங்க. கடிதாசியும் திரும்பி வந்துருச்சா. எத்தனையோ வருசமா வைக்கிறோம். பழக்கத்துல, உங்களைப் பாத்துக்கிட்டே வச்சிட்டேன்." அவள் சோற்றுக் கையைச் சாரத்தில் துடைத்தாள். "உள்ள வந்ததுல இருந்து இதை எப்புடிச் சொல்றதுன்னுதான் வாயத் தொறக்காம இருந்தேன். காலையிலதான் விகாரையில உங்க பேரெல்லாம் சொல்லிப் புண்ணியம் குடுத்துட்டு, எரிஞ்ச எடத்தையாவது ஒரு படம் எடுத்துட்டுப் போவமேன்னு வந்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் மழையில் நின்றோம். ஒரு காக்கை மதிலுக்கு வந்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, என் பங்குச் சோற்றைக் கொத்திக்கொண்டு போனது.

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகம் இல்லை. ரோஸ்லினாகத்தான் இருக்கும். "அக்காவ், செத்தவங்க மழையில நனைஞ்சுகிட்டு நிக்கக்கூடாது, உள்ள வாங்க! ஒங்க படத்துக்கும் ஒரு மாலைக்குச் சொல்லிருவோம். ரெண்டு பக்கமும் சரியாப் போயிரும்."

வள்ளி உள்ளே வந்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணீர் மஞ்சள் பூச்சில் கோடு போட்டது. "அப்பா தொண்ணூத்தி ஒரு வயசு வரைக்கும் இருந்தாருங்க. பல்லு ஒண்ணுகூட விழல. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. பொய்யாச் சாவுச் சேதி போனா ஆயுசு கெட்டின்னு சொல்வாரு. நீங்க வச்ச சோறுதாங்க்கா அது."

எனக்கு அந்த இடத்தில் என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாகத் தோளில் கிடந்த ஈரத்துணி மூட்டையை யாரோ பின்னால் வந்து இறக்கி வைத்தது போல இருந்தது. இத்தனை பயமும் பட்டவள், இத்தனை தாழ்ப்பாளையும் சரிபார்த்தவள், ரங்கூன் கணக்கில் எப்போதோ செத்துப்போனவள். செத்தவளுக்கு என்ன பயம்?

இலையைப் போட்டுச் சாப்பிட்டோம். சண்முகம் மூன்றாம் முறை சோறு வாங்கினான்.

தாளின் மறுபக்கம்

புறப்படுமுன் அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். காலையில் விகாரையில் அதைப் பார்த்துத்தான் பெயர்களை வாசித்தாளாம். சித்தப்பாவின் கையெழுத்து. சுப்பையா, மீனாம்பாள், தெய்வானை, சண்முகம். மூன்றாவது நான். என் பெயரை அவ்வளவு அழகாக வேறு யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

"இதை உங்ககிட்டயே குடுத்துர்றேங்க்கா. இனி எனக்கு வேணாம்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கத் தட்டச்சு. வட்ட வட்டமான பர்மா எழுத்து, கீழே மங்கிய ஊதா முத்திரை.

"இது என்னம்மா?"

"கடைய எடுத்த அன்னிக்கு ஆமிக்காரங்க குடுத்த சீட்டுங்க. என்னென்ன எடுத்தாங்க, என்ன பெறும், பின்னாடி தருவோம்னு எழுதிக் குடுத்தது. அப்பா கப்பல் ஏறாததே இதுக்குத்தான். ரெண்டு அண்ணந்தம்பி பணம், வாங்காம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணனைப் பாப்பேன்னு அம்மாகிட்ட சொல்வாராம். மாசாமாசம் ஆபீசுக்குப் போவாரு. அடுத்த மாசம்பாங்க. இருபது வருசத்துக்கு மேல போனாரு."

அப்பா எத்தனை முறை அந்தப் பர்மாக்காரச் சித்தியைத் திட்டியிருப்பார். பெண்டாட்டி விடவில்லை என்று.

"அப்புறம் எப்புடி இதுல போயிப் பேர எழுதினாரு?" என்றான் சண்முகம்.

"ஜெனரல் போயிட்டாருன்னு ரேடியோ சொன்ன அன்னிக்கு அப்பா ஆபீசுக்கு ஓடினாருங்க. ஆபீசையே காணோம். கதவு தொறந்து கெடந்துச்சாம், மேசை நாக்காலியக்கூட சனங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து, தரவேண்டியவனே போயிட்டான், இனி இது வெறும் தாளுன்னு சொல்லிட்டு, திருப்பிப் போட்டு உங்க பேரை எழுதினாரு. பணத்தையும் அண்ணனையும் ஒரே நாள்ல தலைமுழுகிட்டாரு. அந்த வருசத்துல இருந்துதான் சோறு."

அப்பா இங்கே முகம் கழுவிக்கொண்டு வந்து, "இனி வந்துருவான்" என்றாரே, அதே நாட்கள்.

 அப்புறம் சண்முகம் சண்முகமாகி, கைப்பேசியில் கணக்குப் போடும் பக்கத்தைத் திறந்தான். "எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"அன்னிக்கு அதுல ரங்கூன்ல ரெண்டு வீடு வாங்கலாம்னு அப்பா சொல்வாரு," என்றாள் வள்ளி. "இன்னிக்கு இப்ப நாம நாலு பேரும் சாப்பிட்டோமே, அந்தச் சாப்பாடு வாங்கலாம். வாழைப்பழம் சேராது."

ரோஸ்லின் கேட்டாள்: "அப்ப பழத்துக்கு யாரு குடுக்கிறது?"

பஸ் வரை நடந்தே போனோம். மழை விட்டிருந்தது. வள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்று கையைக் காதில் வைத்துக் காட்டினாள். பேசினாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறாள். அங்கே இன்றைக்கும் சிப்பாய்கள்தான். ஆகவே அரிசி விலையும் பிள்ளைகள் படிப்பும்தான் பேசுவோம். இந்த வருடம் சித்தப்பாவுக்கு முறைப்படி, அவர் போன திதியில், தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டான். நான் சமைத்தேன். 

வள்ளி வந்துபோன அன்று சாயந்தரம் கடையை மூடியபோது தாழ்ப்பாளை ஒரு தடவைதான் பார்த்தேன்.

அந்தத் தாள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கடைசி வரியை வள்ளி விரல் வைத்து எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எழுத்து தெரியாவிட்டாலும் இடம் தெரியும். அண்ணன் குடும்பத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் நடுவில் பாக்கி என்று இருந்ததையெல்லாம் இரண்டு ஊர்க் காக்கைகளும் தின்று தீர்த்துவிட்டன. மிச்சம் இருப்பது, இல்லாமல் போன அந்த அரசாங்கம் எங்களுக்குத் தர வேண்டியது மட்டும்தான்: முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது கியாட், இருபத்தைந்து பியா.